டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கடந்த தவணை விடுமுறைக்கு முந்திய வாரம் எமது பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு சிறிய வாதம் நடந்தது. என்னோடு கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் கார் வாங்கப் போகிறார். தோட்ட லயத்தில் பிறந்து, படித்து, ஆசிரியரானவர். அவருடைய குடும்பத்தில் இதற்கு முன் எவரும் நான்கு சக்கர வாகனம் வைத்திருந்ததில்லை. விலை பேசி, லீசிங் கம்பனிக்கும் போய் வந்துவிட்டார். "கராஜ் பாஸ் யாரிடமாவது காட்டினீங்களா தம்பி?" என்று கேட்டேன். "எதுக்கு சேர்? டொயோட்டாதானே. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார். அறையிலிருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இந்த வசனத்தைக் கேட்காமல் ஒரு வாகனம் கைமாறுவதில்லை. நானும் ஒரு காலத்தில் இதைச் சொன்னவன்தான். ஆனால் அந்த நிறுவனம் இந்த நல்ல பெயரை எப்படிச் சம்பாதித்தது, எப்போது அதை இழக்கப் பார்த்தது என்பதைப் படித்த பிறகு, "கண்ணை மூடிக்கொண்டு" என்ற சொல் எனக்கு உறுத்தத் தொடங்கியது. அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் மலைகளுக்கு வந்த பெயர்

என் வாப்பாவுக்கு எட்டியாந்தோட்டைப் பக்கம், இறப்பர் தோட்டமொன்றின் எல்லையில் ஒரு சில்லறைக் கடை இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது அந்தப் பாதையில் வந்த வாகனங்களை விரல் விட்டு எண்ணலாம். துரையின் லேண்ட் ரோவர், தோட்ட லொறி, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வாடகைக்குப் பிடிக்கும் பழைய ஒஸ்டின் கார். எல்லாம் வெள்ளைக்காரன் ஊர் வாகனங்கள்.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. ஜப்பானில் பாவித்த வாகனங்கள் இந்த நாட்டுக்குள் வரத் தொடங்கின. அந்த நாட்டிலிருந்து வருவதற்குக் காரணம் இருந்தது. அங்கும் எங்களைப் போலவே வாகனங்கள் பாதையின் இடது பக்கத்தில் ஓடுகின்றன. ஸ்டியரிங் வலது பக்கத்தில் இருக்கிறது. அத்தோடு ஜப்பானில் ஒரு புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், அதன் பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதற்குச் செலவு அதிகம். அதனால் பலர் சில ஆண்டுகளிலேயே வாகனத்தை மாற்றிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பழையது எமக்குப் புதியதாகிவிடுகிறது.

அப்படி வந்தவற்றில் டொயோட்டாவே எங்கள் வீதிகளில் நிலைத்தது. டீஎக்ஸ் வேகன், லைட் ஏஸ், டவுன் ஏஸ், பிறகு ஹைஏஸ் வேன்கள். அந்த ஹைஏஸ் வகைகளுக்கு எம்மவர்கள் 'ஷெல்' என்றும் 'டொல்பின்' என்றும் செல்லப் பெயர் வைத்தார்கள். கொரோலா காருக்குப் பெயர்கூடத் தேவைப்படவில்லை. '110', '121', '141' என்று இலக்கத்தைச் சொன்னாலே போதும். இன்றும் தெஹியோவிட்ட, தெரணியகல, இறக்குவானை, காவத்தைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி வரும் வேன்களில் முப்பது வயதைத் தொட்ட டொல்பின்களைக் காணலாம்.

இந்தப் பெயர் சும்மா வரவில்லை. உதிரிப்பாகம் ஒவ்வொரு சிறு நகரத்திலும் கிடைக்கிறது. எந்தக் கராஜுக்குப் போனாலும் அதன் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். விற்கும்போது போட்ட காசில் பெரும்பகுதி திரும்பி வருகிறது. கையில் காசு குறைந்த, பாதை மோசமான, பழுதுபட்டால் நாலு நாள் சம்பாத்தியம் போய்விடுகிற மக்களுக்கு இவை பெரிய விடயங்கள். ஆகவே டொயோட்டா மீதுள்ள நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. அந்த நம்பிக்கை எதன் மேல் நிற்கிறது என்பதைத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

தறியில் தொடங்கிய கதை

டொயோட்டாவின் வரலாறு காரில் தொடங்கவில்லை, நெசவுத் தறியில் தொடங்குகிறது. சகிச்சி டொயோடா என்பவர் 1867இல் ஜப்பானில், இன்றைய ஷிசுவோகா மாகாணத்திலுள்ள ஒரு கிராமத்தில், தச்சு வேலை செய்தவரின் மகனாகப் பிறந்தார். அந்தக் கிராமத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே கைத்தறியில் துணி நெய்தார்கள். அந்த வேலையை இலகுவாக்க முடியாதா என்று யோசித்த சகிச்சி, 1891இல் ஒரு மரக் கைத்தறிக்கு முதல் காப்புரிமை பெற்றார். 1896இல் இயந்திர சக்தியில் ஓடும் தறியைச் செய்தார். 1924இல் வெளிவந்த தானியங்கித் தறி அவருடைய பெயரை உலகறியச் செய்தது.

அந்தத் தறியில் இருந்த முக்கியமான விடயம் வேகம் மட்டுமல்ல. நெய்யும்போது ஒரு நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். சாதாரண இயந்திரத் தறியில் நூல் அறுந்தது தெரியாமல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது கவனிப்பதற்குள் முழம் முழமாகத் துணி பழுதாகிவிடும். அதனால் தறிக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சகிச்சியின் தறி பிழையைத் தானே கண்டு நின்றுவிடுவதால் ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. 1926இல் இதற்கென டொயோடா தானியங்கித் தறித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1929இல் இங்கிலாந்தின் ஓல்டம் நகரிலிருந்த பிளாட் பிரதர்ஸ் என்ற புகழ்பெற்ற நெசவு இயந்திர நிறுவனம், இந்தத் தறியின் உரிமைக்காக ஓர் இலட்சம் பவுண் கொடுக்க ஒப்புக்கொண்டது. இயந்திரத்தை விற்க வந்த நாடு, ஜப்பானிடம் உரிமை வாங்கும் நிலைக்கு வந்தது.

சகிச்சி 1930இல் காலமானார். அவருடைய மகன் கீச்சிரோ டொயோடா 1933இல் அதே தறித் தொழிற்சாலைக்குள் ஒரு மோட்டார் பிரிவைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஜப்பான் வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் அமெரிக்க வாகனங்கள். ஃபோர்ட் 1925இலும் ஜெனரல் மோட்டர்ஸ் 1927இலும் அங்கேயே பொருத்தும் தொழிற்சாலைகளைத் திறந்திருந்தன. கீச்சிரோவின் முதல் லொறி 1935இல் வந்தது. முதல் கார் 1936இல் விற்பனைக்கு வந்தது.

அதே ஆண்டில் பெயரும் மாறியது. டொயோடா என்ற குடும்பப் பெயருக்கு வளமான நெல்வயல் என்று பொருள். புதிய சின்னத்துக்காகப் பொதுமக்களிடம் போட்டி வைத்தபோது 'டொயோட்டா' என்ற வடிவம் தெரிவானது. ஜப்பானிய எழுத்தில் இதை எட்டுக் கீறல்களில் எழுதலாம். எட்டு அங்கே நல்ல எண்ணாகக் கருதப்படுகிறது. 1937 ஓகஸ்ட் 28ஆம் திகதி டொயோட்டா மோட்டார் கம்பனி தனி நிறுவனமாகியது.

முதலில் கிடைத்தது கெட்ட பெயர்

இன்று பழுதுபடாத வாகனம் என்று நாம் சொல்லும் இந்தப் பெயர், ஆரம்பத்தில் பழுதுக்குப் பேர்போனது. முதல் லொறிகள் அடிக்கடி நடு வழியில் நின்றன. விற்பனை முகவர்கள் வாங்கியவர்களின் இடத்துக்கே போய்த் திருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது. எந்தப் பாகம் எங்கே உடைந்தது என்ற விபரம் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தது. அதைப் பார்த்து அடுத்த லொறியில் அந்தப் பாகத்தை மாற்றினார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை இன்னும் மோசமானது. 1949, 1950 காலப்பகுதியில் கடன் கழுத்தை நெரித்தது. வங்கிகள் கடன் கொடுக்க ஆட்குறைப்பை நிபந்தனையாக்கின. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கடைசியில் சுமார் இரண்டாயிரம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். அதற்குப் பொறுப்பேற்று 1950 ஜூனில் கீச்சிரோ தானும் பதவி விலகினார். அதே மாதம் கொரியப் போர் தொடங்கியது. அமெரிக்க இராணுவம் ஜப்பானில் லொறிகளுக்குக் கட்டளை கொடுத்ததால் கம்பனி பிழைத்தது. இன்னொரு நாட்டின் அழிவு ஒரு கம்பனியின் உயிரைக் காத்தது என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. கீச்சிரோ 1952இல் தனது 57ஆவது வயதில் இறந்தார். தான் கனவு கண்ட சிறிய கார் உலகெங்கும் ஓடுவதை அவர் பார்க்கவில்லை.

1957இல் டொயோட்டா அமெரிக்காவில் கடை விரித்தது. கொண்டு போன கிரவுன் கார் ஜப்பானின் மெதுவான வீதிகளுக்குச் செய்யப்பட்டது. அமெரிக்காவின் நெடுஞ்சாலை வேகத்தை அதனால் தாங்க முடியவில்லை. 1958ஆம் ஆண்டு முழுவதும் விற்றவை 288 வாகனங்கள் மட்டுமே. 1960 முடிவில் அந்தக் காரை அங்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். குறைகளைத் திருத்திய வேறு காரோடு சில ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் போனார்கள். 1966இல் கொரோலா பிறந்தது. 1967இல் ஹைஏஸ் வந்தது. 2021ஆம் ஆண்டளவில் உலகில் விற்ற கொரோலாக்களின் எண்ணிக்கை ஐந்து கோடியைத் தாண்டியது.

அறுந்தால் நிறுத்து

தறியில் இருந்த அந்த எண்ணத்தை டொயோட்டா கார்த் தொழிற்சாலைக்கும் கொண்டு வந்தது. தைய்ச்சி ஓனோ என்ற பொறியியலாளர் இதில் முக்கியமானவர். உற்பத்தி வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் ஒரு பிழையைக் கண்டால் தலைக்கு மேலே உள்ள கயிற்றை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார். அந்த இடத்திலேயே திருத்த முடியாவிட்டால் முழு வரிசையும் நிற்கும். நிறுத்தியதற்காக அந்தத் தொழிலாளியை ஏசக் கூடாது. பிழையான வாகனம் அடுத்த ஆளிடம் போகக் கூடாது என்பதே சட்டம்.

அடுத்தது, 'ஏன்' என்ற கேள்வியை ஐந்து முறை கேட்கும் பழக்கம். இதை நான் தரம் 9 மாணவர்களுக்கு எங்கள் பாடசாலையை வைத்தே விளங்கப்படுத்துவேன். மேல் பிரிவுப் பிள்ளைகள் ஏன் பிந்தி வருகிறார்கள்? வேன் பிந்துகிறது. ஏன் பிந்துகிறது? வேன் மேலே ஏறாததால் பிள்ளைகள் கீழே நடந்து வரும்வரை காத்து நிற்கிறது. ஏன் ஏறவில்லை? பாதை அரித்துப் போயிருக்கிறது. ஏன் அரித்தது? மழைத் தண்ணீர் கானில் போகாமல் பாதையில் ஓடுகிறது. ஏன்? கானில் மண் நிறைந்து பல மாதம். துப்புரவு செய்வது யார் பொறுப்பென்று எவரும் தீர்மானிக்கவில்லை. முதல் கேள்வியோடு நின்றிருந்தால் பிள்ளைக்குப் பிரம்படி விழும். ஐந்தாவது கேள்வியில்தான் மண்வெட்டி தேவை என்று தெரிகிறது.

ஆக, டொயோட்டாவின் நல்ல பெயர் பிழையே விடாததால் வந்ததல்ல. பிழையை மறைக்காமல் வேலையை நிறுத்தியதால் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படியுங்கள்.

நிறுத்தாத நாட்கள்

2008இல் டொயோட்டா ஜெனரல் மோட்டர்ஸை முந்தி உலகின் மிகப் பெரிய வாகன நிறுவனமானது. அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 2009 ஓகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டொயோட்டாவின் லெக்ஸஸ் கார் ஒன்று கட்டுப்பாடிழந்த வேகத்தில் மோதியதில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேர் இறந்தார்கள். பொருந்தாத தரை விரிப்பில் வேகமிதி சிக்கியிருந்தது. பிறகு, அழுத்தினால் மேலே திரும்பாமல் ஒட்டிக்கொள்ளும் மிதிகள் பற்றியும் தெரியவந்தது. பல மில்லியன் வாகனங்கள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. 2010 பெப்ரவரியில் நிறுவனத் தலைவரும் கீச்சிரோவின் பேரனுமான அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து மன்னிப்புக் கேட்டார். வளர்ச்சியின் வேகத்தில் எமது முன்னுரிமைகள் குழம்பிப்போயின என்ற பொருளில் அவர் பேசினார்.

இலத்திரனியல் கோளாறே காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. நாசா நிறுவனத்தின் உதவியுடன் நடந்த ஆய்வு, 2011இல் அதற்குச் சான்று இல்லை என்றது. ஆனால் மிதி, விரிப்புப் பிரச்சினைகளைப் பற்றிப் பாவனையாளருக்குச் சரியான தகவல் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டு நின்றது. 2014இல் அமெரிக்க நீதித் திணைக்களத்துடனான உடன்படிக்கையில் டொயோட்டா 120 கோடி டொலர் கட்டியது. குறையை விட, குறையை மறைத்ததற்கே அந்தத் தண்டம்.

அண்மைக் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. டொயோட்டாவுக்கு முழுமையாகச் சொந்தமான டைஹட்சு நிறுவனம் பாதுகாப்புப் பரிசோதனைகளில் முறைகேடு செய்திருப்பதாக, 2023 டிசம்பரில் சுயாதீனக் குழு அறிக்கை வெளியிட்டது. டொயோட்டா பெயரில் விற்றவை உட்பட 64 வகை வாகனங்கள் அதில் அடங்கின. மிகப் பழைய முறைகேடு 1989ஆம் ஆண்டுக்குரியது. குறுகிய காலத்தில் முடிக்க வேண்டும் என்ற அழுத்தம், முடியாது என்று மேலிடத்துக்குச் சொல்ல முடியாத சூழல் ஆகியவற்றையே அந்தக் குழு சுட்டிக்காட்டியது. கயிறு தலைக்கு மேலே தொங்கியது. இழுக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

2024 ஜூனில் டொயோட்டாவே தனது ஏழு வகை வாகனங்களின் சான்றிதழ்ப் பரிசோதனைகளில் விதிமுறை மீறல் நடந்ததாக ஒப்புக்கொண்டது. அப்போது உற்பத்தியில் இருந்த மூன்று வகைகள் நிறுத்தப்பட்டன. அதில் ஒன்று கொரோலா எக்ஸியோ. எங்கள் ஊர்களில் ஆசிரியர்களும் வியாபாரிகளும் விரும்பி ஓட்டும் அதே கார். வாகனங்களின் பாதுகாப்பில் பிரச்சினை இல்லை, தொடர்ந்து பாவிக்கலாம் என்று நிறுவனம் சொன்னது. இருந்தாலும் அகியோ டொயோடா மீண்டும் ஒரு முறை பொதுமக்கள் முன் தலை குனிய வேண்டியிருந்தது. தறியைத் தானாக நிற்க வைத்த குடும்பத்துக்கே நிறுத்த மறந்துபோகும் என்பதை இந்தச் சம்பவங்கள் காட்டுகின்றன.

ஜப்பானுக்கும் எமக்கும் இடையில்

இதுவரை சொன்னது தொழிற்சாலை வாசல் வரையிலான கதை. ஆனால் நாம் வாங்கும் வாகனம் அந்த வாசலிலிருந்து நேரே எம்மிடம் வருவதில்லை. ஜப்பானில் ஒருவர் ஓட்டி, ஏலத்தில் விற்று, கப்பலேறி, இறக்குமதியாளர், விற்பனை நிலையம், முதல் உரிமையாளர், இரண்டாம் உரிமையாளர் என்று பல கை மாறித்தான் எமது முற்றத்துக்கு வருகிறது. டொயோட்டாவின் பெயர் இவர்கள் எவருக்கும் உத்தரவாதமல்ல.

ஜப்பானிய ஏலத்தில் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு தாள் உண்டு. ஓடிய கிலோமீற்றர், தரப்புள்ளி, கீறல், நசுங்கல், மாற்றப்பட்ட பாகம் எல்லாம் அதில் படத்தோடு குறித்திருக்கும். விபத்தில் திருத்தப்பட்டதென்றால் தரப்புள்ளிக்குப் பதிலாக 'ஆர்' என்ற எழுத்து இருக்கும். அந்த மனிதர்கள் பிழையை வெளிப்படையாக எழுதியே விற்கிறார்கள். கடலைத் தாண்டியதும் பல இடங்களில் அந்தத் தாள் காணாமல் போகிறது. மீற்றர் பின்னால் ஓடுகிறது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாதது. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த எயார் பேக்குகள் டொயோட்டா, ஹொண்டா உட்படப் பல நிறுவனங்களின் கார்களில் பொருத்தப்பட்டன. அதிலுள்ள வெடிமருந்து வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பல ஆண்டுகள் கிடந்தால் சிதைவடைகிறது. பிறகு விபத்தின்போது அது அளவுக்கு மீறி வெடித்து, உலோகத் துண்டுகள் ஓட்டுநர் மீது பாய்கின்றன. உலக வாகன வரலாற்றிலேயே மிகப் பெரிய திரும்ப அழைப்பு இதற்காக நடந்தது. 2017இல் டகாட்டா வங்குரோத்தானது.

வெப்பமும் ஈரமும் என்றால் எமது மாகாணத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஜப்பானில் ஒரு கார் திரும்ப அழைக்கப்பட்டால் அங்கு பதிவிலுள்ள உரிமையாளருக்குக் கடிதம் போகும். அதற்கு முன்பே கார் கப்பலேறி வந்துவிட்டால், எட்டியாந்தோட்டையிலோ பலாங்கொடையிலோ இருக்கும் உரிமையாளருக்கு அந்தக் கடிதம் வராது. நாமே தேடிப் பார்த்தால்தான் உண்டு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் நிலைமை இன்னும் சிக்கலானது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாட்டிலிருந்த பழைய வாகனங்களே கைமாறிக்கொண்டிருந்தன. வயது கூடக் கூட விலையும் கூடிய விசித்திரமான காலம் அது. விலை கூடும்போது மறைப்பதற்கான ஆசையும் கூடுகிறது.

நான் நிறுத்தாத இடம்

இப்போது எனது சொந்தக் கதை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மச்சானும் சேர்ந்து பாவித்த டொயோட்டா கார் ஒன்றை வாங்கினோம். மீற்றரில் 68,000 கிலோமீற்றர் இருந்தது. விற்றவர் தெரிந்த மனிதர், பெயரோ டொயோட்டா. வேறு என்ன வேண்டும் என்று எவரிடமும் காட்டாமல் வாங்கினோம். மூன்றாம் மாதம் கராஜில் ஒரு பாஸ் கதவு ஓரத்தில் ஒட்டியிருந்த சிறிய தாளைக் காட்டினார். ஜப்பானில் கடைசியாக ஒயில் மாற்றியபோது ஒட்டியது. அதில் 142,000 என்று இருந்தது. காரைச் செய்தவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவ்வளவு ஓடிய பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. பொய் சொன்னது மீற்றரைத் திருப்பிய கை.

இரண்டு ஆண்டில் செலவு கூடியது; விற்க முடிவு செய்தோம். வாங்க வந்தவர் தோட்டத்துப் பிள்ளை. கொழும்பில் கடையில் பல ஆண்டுகள் வேலை செய்து சேர்த்த காசு. வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கப் போகிறேன் என்றார். மீற்றரைப் பார்த்துத் திருப்திப்பட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "நாங்க என்ன, பொய்யா சொன்னோம்? அவர் கேக்கவே இல்லையே" என்று மச்சான் அன்றிரவு சொன்னார். எனக்கும் அந்த நியாயம் போதுமாக இருந்தது.

ஓராண்டுக்குப் பின் அவரைப் பஸ் நிலையத்தில் கண்டேன். கியர் பெட்டி வேலைக்கும் இயந்திர வேலைக்கும் கடன்பட்டு, கடைசியில் காரைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். சண்டைக்கு வரவில்லை. "சேர் சொல்லியிருக்கலாமே. சேர்ன்றதாலதான் நான் வேற யாரையும் கேக்கல" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விலையில் எவ்வளவு குறைத்திருக்க வேண்டுமோ அந்தத் தொகையைப் பிறகு அவருக்குக் கொடுத்தேன். காசு போய்ச் சேர்ந்தது. அவர் இழந்த ஓராண்டை என்னால் கொடுக்க முடியவில்லை.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவத்தை நாம் சிறு வயதிலிருந்தே படித்திருக்கிறோம். நான் அதை வகுப்பில் பலமுறை சொல்லிக் கொடுத்தவன். அன்று என் கையிலிருந்த குவியலில் ஈரம் எங்கே என்று எனக்குத் தெரியும். நான் மேலே வைக்கவில்லை. எமது சமூகத்தில் வாகன வியாபாரம், உதிரிப்பாகக் கடை, கராஜ் என்று பிழைப்போர் ஏராளம். நேர்மையாகச் செய்பவர்களும் ஏராளம். ஒருவர் மீற்றரைத் திருப்பினால் கெடுவது அவர்கள் எல்லோருடைய பெயரும்தான்.

வாங்கும் முன்

அதனால் அந்த இளம் ஆசிரியரிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் ஏலத் தாளைக் கேளுங்கள். இல்லை என்றால் செஸி இலக்கத்தை வாங்கித் தேடிப் பாருங்கள். அதே இலக்கத்தை வைத்துத் திரும்ப அழைக்கப்பட்ட வாகனமா என்பதையும் பார்க்க முடியும். டொயோட்டாவின் ஜப்பானிய இணையத்தளத்தில் அதற்கு வசதி இருக்கிறது. வத்தளையிலுள்ள டொயோட்டா லங்கா நிறுவனத்திடமும் விசாரிக்கலாம். மீற்றரை நம்பாமல் மிதியின் தேய்வையும் ஸ்டியரிங்கின் பளபளப்பையும் ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தையும் பாருங்கள். கதவு ஓரத்திலும் பொனட்டுக்குக் கீழும் ஒயில் மாற்றிய தாள் ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். விற்பவருக்கு வேண்டியவரல்லாத ஒரு பாஸிடம் காட்டுங்கள். அதற்குச் செலவாகும் சில ஆயிரம், லீசிங் கட்டப்போகும் ஐந்து ஆண்டுக்கு முன் ஒன்றுமே இல்லை.

விற்பவராக இருந்தால், உங்களுக்குத் தெரிந்த குறையை வாங்குபவர் கேட்க முன்னரே சொல்லிவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும்.

அந்தத் தம்பி முதலில் முகம் சுளித்தார். பிறகு காரை அவிசாவளைக்குக் கொண்டு போய்க் காட்டினார். முன் பக்கம் ஒருமுறை அடிபட்டுத் திருத்தியது என்று தெரிந்தது. வாங்கவில்லை. இப்போது வேறொரு கார் பார்த்திருக்கிறார். அதுவும் டொயோட்டாதான். இந்த முறை செஸி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்து, "சேர், இதக் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" என்று என் மேசையில் வைத்தார்.